கவிழ்த்த தொட்டி

ஃபஹாஹீலில் ஜூன் பிறந்துவிட்டால்
குளிர்ந்த தண்ணீருக்குக் கீசரை அணைத்துவிட்டு
வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும்.
மற்றதில் மாடித் தொட்டி கொதித்து வரும்.

அதே மாடியில் நிற்கிறது என் எட்டங்குலத் தொலைநோக்கி,
சிமெண்ட் நிரப்பிய குழாய்க் காலில்
நான்கு போல்ட் போட்டு.
கழற்றிக் கீழே கொண்டுபோகலாமே என்பீர்கள்.
போன வருடம் கொண்டுபோனேன்.
நாளெல்லாம் ஏசி அறையில் தூங்கிய கண்ணாடி
இரவு மேலே வந்ததும் வியர்த்துக் கண் அவிந்து
இரண்டு மணிவரை ஒன்றையும் பார்க்க மறுத்தது.

ஆகவே வெயிலிலேயே வளர்ப்பு.
முதலில் ஒரு பழைய வேட்டி,
அதன்மேல் காருக்கு ஒட்டும் வெள்ளித்தாள்,
அதன்மேல் வெள்ளைத் தார்ப்பாய்.
அடியில் ஒரு சாண் இடைவெளி, காற்று நுழைந்து போக.
உள்ளே சிலிக்கா பொட்டலங்கள்,
அறைக்காரர்களின் ஷூ டப்பாக்களில் பொறுக்கியவை.
கியரின் கிரீஸ் உருகி ஒழுகியது கண்டு
கம்ப்ரசருக்குப் போடுவதில் ஒரு விரல் எடுத்து வந்தேன் பிளான்ட்டிலிருந்து.
திருட்டென்றால் திருட்டு.

வெப்பமானிகளைச் சரிபார்ப்பது என் தொழில்.
தார்ப்பாய்க்குள் ஒன்று வைத்தேன்.
மதியம் இரண்டுக்கு ஐம்பத்தெட்டு.
வெள்ளித்தாளுக்குப் பிறகு ஐம்பத்தொன்று.
அந்த ஏழு டிகிரிக்காக
எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நான் கேட்டை நட்சத்திரம்.
கேட்டை கோட்டை கட்டி ஆளும் என்பார்கள்.
ஆள்கிறேன், இரண்டு முழத் தார்ப்பாய்க் கோட்டை.
ஊரெல்லாம் எள் விளக்கேற்றி
விலகிப்போ என்று கும்பிடும் சனியை
கடன் வாங்கிக் கருவி வாங்கி
கிட்டே வா என்கிறேன்.
மாமனார் வீட்டில் மட்டும் இதைச் சொல்லவில்லை.

ஜூலையில் புழுதி வந்தது.
நான் இரட்டை ஷிப்டில், கேட்டுக்கு உள்ளே.
சூரியன் இருக்கும் இடம் தெரியவில்லை.
ஃபிளேர் மட்டும் சாமி வந்தவன்போல் ஆடியது.
கயிற்றில் நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியும்.
நிற்காது.

மறுநாள் காலை படியேறினேன்.
தார்ப்பாய் பக்கத்துக் கட்டட ஆன்டெனாவில்.
தொலைநோக்கி இருந்த இடத்தில்
ஒரு தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்திருந்தது.
விரிசல் விட்டதென்று ஓரம் கட்டிய பிளாஸ்டிக் தொட்டி,
வாயை அறுத்து அகலமாக்கி,
தலையில் ஆறு செங்கல்,
விளிம்பைச் சுற்றி ஈரச் சாக்கு.

ஹாரிஸ் சோப்ஹி.
மேல் எகிப்துக்காரர், கட்டடத்தின் காவல் அவர்.
கதிர்வேலன் வாயில் நுழையாததால் நான் ஸதீக்,
இது மத்ஃபா, பீரங்கி.
'உன் பீரங்கி பறந்து யார் தலையில் விழுந்தாலும்
போலீஸ் என்னைத்தான் கேட்கும்' என்றார்.
நன்றி சொல்ல அவர் இடம் தரவில்லை.

இன்றிரவு சனியைக் காட்டுகிறேன், வளையத்தோடு, என்றேன்.
கை அசைத்துத் தள்ளினார்.
சுருட்டி வைத்திருந்த மிச்ச வெள்ளித்தாளைக் காட்டி
'அது எவ்வளவு?' என்றார்.

லிஃப்ட் மோட்டாரை ஒட்டி அவர் அறை.
ஒரு ஜன்னல், அதுவும் மேற்கே.
ஒரு ஃபேன், சூட்டை எடுத்துச் சூட்டின்மேல் வீச.
அளவெடுக்கப் போனவன் பழக்கத்தில்
பையிலிருந்து வெப்பமானியை எடுத்துவிட்டேன்.
எண் ஏறி நின்றது.
'எவ்வளவு?' என்றார்.
இருபது வருடச் சர்வீஸில் முதல்முறையாக
'இது சரியாக வேலை செய்யவில்லை' என்றேன்.

தாள் போதவில்லை.
தொலைநோக்கியின் மேலிருந்ததையும் உரித்து வந்து
ஒட்டி முடித்தோம்.

தொட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.
இரவு ஒன்பதரைக்கு அந்தப் பக்கம் அவர் பிடித்தார்.
தெற்கே ஃபிளேருக்கு மேலே கேட்டை,
புழுதியில் இன்னும் சிவந்து.
சனி எழ நேரம் இருந்தது.
நான் மூடியைத் திறந்துகொண்டிருக்க
அவர் போய்
ஜன்னலின் வெள்ளித்தாளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்,
அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி
ஆறிவிட்டதா என்று பார்ப்பதுபோல.